சீட்டு விழுந்த பக்கம்

பள்ளி அதிபர் என் வகுப்பில் வந்து உட்காரப் போகிறார் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. 1977. சிட்னியில் எனக்கு அது முதல் ஆசிரிய வேலை. அவர் நல்லதாக நாலு வரி எழுதினால்தான் நிரந்தரம். இல்லாவிட்டால் மறுபடியும் குசினி அடுப்புதான் கதி.

அன்றைய பாடம் சிலுவைப் போர்கள்.

"பேசாமல் நோட்ஸைச் சொல்லிப்போட்டு வாரும், விமலா," என்றார் என் கணவர் யோகேஸ்வரன். "புதுசா ஒண்டும் செய்யாதேயும்."

கேட்டேனா? யாழ்ப்பாணத்தில் நாங்கள் படித்த முறை வேறு. விவாதம் என்றால் திருவுளச்சீட்டு. எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கம் பேச வேண்டும். சொந்த அபிப்பிராயத்தை வீட்டில் வைத்துவிட்டு வரவேண்டும். 'ஜெருசலேம் யாருக்கு?' என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, பிஸ்கட் டின்னில் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கினேன்.

என் வகுப்பில், உள்நாட்டுப் போர் நடந்த பெய்ரூத்திலிருந்து ஐந்து மாதங்களுக்கு முன் வந்த இரண்டு பெண்கள் இருந்தார்கள். நஜ்லா முஸ்லிம், ஜோசலின் கிறிஸ்தவள். இருவருக்கும் ஒரே மேசை, ஒரே அகராதி. அரபியில் குசுகுசுத்துச் சிரித்துக்கொண்டே இருப்பார்கள். நஜ்லாவுக்குச் சிலுவை வீரர் பக்கம் சீட்டு விழுந்தது, ஜோசலினுக்கு முஸ்லிம் பக்கம். எனக்கோ வாயெல்லாம் பல். இதைவிட நல்ல பாடத்தை எந்த அதிபர் பார்த்திருப்பார்!

ஆங்கிலம் போதாதே என்று நானே எழுதிக் கொடுத்த பேச்சை நஜ்லா எழுந்து வாசித்தாள். "ஆண்டவன் இதை விரும்புகிறான். நகருக்குள் போனோம். ஒருவரையும் விடவில்லை." அதோடு நின்றுவிட்டாள்.

"வாசி, வாசி," என்றேன். பின்வரிசையில் அதிபரின் பேனா நின்றதைப் பார்த்தேனே தவிர, அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"மிஸ், எங்கள் தெருவுக்கு வந்தவர்களும் கழுத்தில் சிலுவை போட்டிருந்தார்கள்," என்றாள். "அண்ணாவை இழுத்துக்கொண்டு போனார்கள்."

ஜோசலினின் கை தன் கழுத்துச் சங்கிலிக்குப் போனது. "என் மாமாவையும் உங்கள் ஆட்கள்தான் காரிலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள்."

பிறகு இருவரும் அரபியில் கத்தினார்கள். ஐந்து மாதமாக ஒருவரையொருவர் கேட்காமல் காப்பாற்றி வைத்திருந்ததை நான் டின்னில் போட்டுக் குலுக்கிவிட்டேன்.

இலங்கையில் தமிழரைத் தேடித் தேடி அடித்த ஐம்பத்தெட்டுக் கலவரத்தில் எனக்கு ஒன்பது வயது. கொழும்பில் அடுத்த வீட்டுக் கட்டிலுக்கடியில் ஒளிந்து கிடந்தேன். கதவை இடித்தவன் பக்கம் நின்று பேசு என்று பிறகு எவராவது சீட்டு நீட்டியிருந்தால், கிழித்து முகத்தில் எறிந்திருப்பேன். தெரிந்திருக்க வேண்டியவள் நான். வெட்கம் இன்றும் போகவில்லை.

"நிறுத்துங்கள். பிழை என்னுடையது," என்றேன். அதற்குள் மணி அடித்துவிட்டது.

வாசலில் அதிபர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "என்ன உயிரோட்டமான வகுப்பு, மிஸஸ் யோகேஸ்வரன்!"

வேலை நிரந்தரமானது. என் கணவர் கேக் வாங்கி வந்தார். "நான் வேண்டாமெண்டது பிழையாப் போச்சு, என்ன?" என்று சிரித்தார். என் துண்டை அப்படியே அவர் தட்டில் வைத்தேன்.

திங்கட்கிழமை நஜ்லா முன்வரிசையில் இருந்தாள். ஜோசலின் ஜன்னலோரம் போயிருந்தாள். அகராதி என் மேசையில் கிடந்தது. அதைக் கொண்டுவந்து வைத்தது யார் என்று கேட்காமலே இழுப்பறைக்குள் வைத்தேன்.