அடுத்த வீட்டுக்குப் போன மாடி அறை

சேரப்பணஞ்சேரி அன்னபுஷ்பம் வீட்டு மாடி அறை, ஒரு செவ்வாய்க்கிழமை காலை அடுத்த வீட்டு மாடியில் இருந்தது. கொடியில் காய்ந்த யூனிஃபார்ம்கூடக் கலையவில்லை. வாடகைக்கு இருந்த வேல்விழி பல் தேய்த்துக்கொண்டே வெளியே வந்து, படிக்கட்டு வேறொரு வாசலுக்கு இறங்குவதைப் பார்த்தாள். அன்று தக்காளி விலையும் ஏறியிருந்ததால் தெருவில் பேச்சு இரண்டாகப் பிரிந்தது.

அடுத்த வீடு யேசுராஜுடையது. அவருக்குக் கல்யாணமாகாத மகன் ஒருவன், சாம்ராஜ். அன்னபுஷ்பத்துக்கு அது போதாதா! "ரூம் தானா நடந்து போவுமா? இவ இன்னாமோ பண்ணிகீறா" என்று சர்ச்சில் பூசை முடிந்து வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். சாம்ராஜ், பாவம், மாடிப் பக்கம் தலை தூக்குவதையே விட்டான்; அதற்கும் அன்னபுஷ்பம் சந்தேகப்பட்டாள். இந்தப் பேச்சு சொந்த ஊரான சங்கரன்கோவிலுக்கு எட்டினால் வேல்விழியின் அப்பா மறுநாளே வந்து, வேலையை விடச்சொல்லி ஊருக்குக் கூட்டிப்போய்விடுவார். அவள் அன்றே கம்பெனி ஆபீசுக்குப் போனாள்.

ஒரகடத்தில் அவள் கம்பெனியில் தொழிலாளர்களின் முகவரிகளைப் பார்த்துக்கொள்பவர் எழிலரசன். திங்கட்கிழமைதான் எல்லா முகவரிகளையும் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்து பஸ் காண்டிராக்டருக்கு அனுப்பியிருந்தார்.

"அண்ணே, என் ரூம எங்க அனுப்புனிய?"

அவர் திரையைப் பார்த்தார். 'அன்னபுஷ்பம் வீடு', ஒரு கமா, பிறகு 'மாடி'. கமாவோடு முகவரி முடிந்தது என்று எண்ணிய கம்ப்யூட்டர், மாடியை அடுத்த கட்டத்துக்கு, அதாவது அடுத்த வீட்டுக்குத் தள்ளிவிட்டிருந்தது.

"அட்ரசுக்கு ரெண்டு பக்கமும் மேற்கோள் குறி போட்டு அடைச்சிருக்கணும். இல்லன்னா கமாவ எடுத்துடணும். ஆனா அதப் போடச் சொன்னதே உங்க வூட்டம்மாதாம்மா."

உண்மைதான். வேல்விழி குடிவந்த அன்றே அன்னபுஷ்பம் கம்பெனிக்குப் போன் போட்டு, "என் வூடு வேற, மாடி வேற. நடுவுல கமா போடு. நாளைக்கு ஒண்ணுன்னா என் மேல பேச்சு வரக்கூடாது" என்று கறாராகச் சொல்லியிருந்தாள்.

எழிலரசன் இப்போது அவளுக்குப் போன் போட்டார். கமாவை எடுத்துவிடலாமா என்று கேட்டார். "எடுத்துடுப்பா" என்றாள். "என் கண்ணு முன்னாடியே கெடக்கட்டும்."

மறுநாள் அறை திரும்பிவிட்டது. ஆனால் வீட்டோடு இடைவெளியில்லாமல் ஒட்டிக்கொண்டதில் வெளிப்படிக்கட்டு காணாமல் போய், படிகள் நேராக அன்னபுஷ்பத்தின் கூடத்துக்குள் இறங்கின. இடித்தால் வீடே விழும் என்று கொத்தனார் கைவிரித்தார்.

அதிலிருந்து ஒவ்வொரு ஷிப்டு முடிந்தும் வேல்விழி அந்தக் கூடத்தின் வழியாகத்தான் மாடிக்குப் போகிறாள்.

"இன்னா, இன்னிக்கு லேட்டு?"

"ஓவர்டைம், அக்கா."

அன்னபுஷ்பம் நம்புவதில்லை. மூடிவைத்த சோற்றை வேல்விழியின் பக்கம் நகர்த்திவிட்டு, அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள்.