அம்சவள்ளியின் லைட்டு

புகையும் சாணித் தூசியும் ஏறிக் கறுத்துப்போன பெட்ரமாக்ஸ் லைட்டைக் கவிழ்த்து மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தபோது, அய்யாக்கண்ணுவின் கட்டைவிரல் ஒரு மேட்டில் தட்டி நின்றது. மறுபடி தடவினார். எண்ணெய் டாங்கியின் அடியில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பித்தளை வளையம். பத்தவைத்த ஈயம் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் ஓடியிருந்தது. அப்படி ஈயம் ஓடவிட்டது யார் கை என்று அவருக்கு ஒருவர் சொல்ல வேண்டியதில்லை.

லைட்டைக் கொண்டுவந்த அரவிந்தன் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். பெரம்பலூரில் ஏதோ பேங்கில் வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊர் ஊராய்ப் போய்ப் பழைய லைட்டுகளை வாங்குவான். பழுது பார்க்கவும், எது எந்தக் காலத்தது, எந்தப் பாகம் எந்த லைட்டிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது என்று கேட்கவும் அரியலூர்க் கடைத்தெருவில் இருக்கும் அய்யாக்கண்ணுவின் ஸ்டவ் ரிப்பேர் கடைக்கு வருவான். பழசைத் தேடி அலைகிறவன் ஒன்று பைத்தியம், இல்லாவிட்டால் வியாபாரி. இவன் பைத்தியம் மாதிரி நடிக்கிற வியாபாரி என்பது அய்யாக்கண்ணுவின் முடிவு.

“டாங்கி ஜெர்மன்தானங்க பெரியவரே?”

“டாங்கி சீமைதான். பம்பு நம்மூரு. மேல உள்ள மூடி வேற ஒரு லைட்டோடது.”

“அது பரவால்ல, மாத்திக்கலாம். அடியில இருக்கற வளையத்த மட்டும் கழட்டிருங்க. கம்பெனி வச்சது இல்ல அது. யாரோ வெவரமில்லாத ஆளு பத்த வச்சிருக்கான்.”

“வெவரமில்லாத ஆளுதான்” என்றார் அய்யாக்கண்ணு. துணியை மடித்துக் கீழே வைத்தார். “எங்க புடிச்சீங்க இத?”

“மீன்சுருட்டியில. பாலசுந்தரம்னு ஒருத்தர், பெரிய பண்ண வூடு. இடிச்சிட்டு மாடி கட்டறாங்க. அவங்க அப்பா மெட்ராஸ்லேர்ந்து வாங்கியாந்ததாம். மாட்டுக்கொட்டாய்ல கெடந்துச்சு.”

“மெட்ராஸ்லேர்ந்து.”

“அப்படித்தான் சொன்னாரு.”

“அடுத்த ஞாயித்துக்கெழம வாங்க” என்றார். அதற்கு மேல் பேசினால் வாயில் என்ன வரும் என்று அவருக்கே தெரியவில்லை.

முப்பது வருஷத்துக்கு முன்னால் அய்யாக்கண்ணு மீன்சுருட்டியில் கொளஞ்சியப்பனின் வாடகைக் கடையில் லைட்டு பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை ஊர்வலம், சாமி ஊர்வலம் எதுவானாலும் லைட்டைத் தலையில் சுமந்து வரப் பெண்கள் போவார்கள். அவர் பெண்டாட்டி அம்சவள்ளியும் போவாள். சும்மாட்டின் மேல் டாங்கி வழுக்குகிறது, கையை எடுக்க முடியவில்லை, தோள் இற்றுப்போகிறது என்று அவள் சொன்னதால்தான் ஒரு பழைய குடத்தின் வாயை அறுத்து அந்த வளையத்தைப் பத்தவைத்தார். துணிச் சும்மாட்டுக்குள் வளையம் அழுந்தி உட்கார்ந்துகொள்ளும். மேளம் வேகமெடுத்தாலும் அவள் கையை வீசிக்கொண்டு நடப்பாள். கடையில் வேறு எந்த லைட்டுக்கும் அப்படி வளையம் கிடையாது.

பண்ணை வீட்டுக் கல்யாணத்தன்று ஊர்வலம் முடிந்து, லைட்டுகளை மாட்டுக்கொட்டகையில் இறக்கி வைத்துவிட்டுப் பெண்கள் கடைசிப் பந்திக்குக் காத்திருந்தார்கள். சாப்பிட்டு வந்து பார்த்தால் ஒரு லைட்டைக் காணோம். அம்சவள்ளியின் லைட்டு. பாலசுந்தரத்தின் அப்பா அவளை வாசலில் நிற்கவைத்து, புருஷனிடம் கொடுத்தனுப்பிவிட்டு நாடகமாடுகிறாயா என்று கேட்டார். மாரியம்மன் கோயிலில் சூடத்தைக் கொளுத்தி, கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார். செய்தாள். அடுத்த ஐப்பசியில் அவளுக்கு இடது கண்ணில் பூ விழுந்தது. அவ்வளவுதான். பொய்ச் சத்தியம் கண்ணைக் குத்திவிட்டது என்று ஊர் தீர்ப்பெழுதிவிட்டது. கொளஞ்சியப்பன் இருவரையும் வேலையை விட்டு நிறுத்தினார். லைட்டுத் திருடி என்ற பெயர் ஜெயங்கொண்டம் தாண்டி அரியலூர் வரைக்கும் பின்னாலேயே வந்தது. மகளைப் பெண் கேட்டு வந்தவர்கள்கூட அதை விசாரித்துவிட்டுத்தான் காப்பி குடித்தார்கள்.

இத்தனைக்கும் அது அந்தாளின் மாட்டுக்கொட்டகையிலேயே இருந்திருக்கிறது. சத்தியம் செய்யச் சொன்ன வாய்க்கு அது தெரிந்தே இருந்திருக்கிறது.

மத்தியானம் சோற்றுத் தூக்கோடு வந்த அம்சவள்ளியின் முன்னால் லைட்டைக் கவிழ்த்து வைத்தார். அவள் தூக்கைக் கீழே வைக்கவில்லை. குனிந்து, நல்ல கண் பக்கமாகத் தலையைத் திருப்பிப் பார்த்தாள். விரலை வளையத்தைச் சுற்றி ஓட்டினாள். எங்கே இருந்தது என்று அவர் சொன்னார்.

“நான்தான் கொட்டாயில வைக்காம, தண்ணி குடிக்கப் போன எடத்துல மறந்து வச்சிட்டனோன்னு நெனச்சுகிட்டிருந்தேன்” என்றாள். “இத்தன வருசமும்.”

அவருக்கு அதுவரை தெரியாது. ஊர் சொன்னதை அவளும் தனக்குள் பாதி வாங்கிக்கொண்டு நடமாடியிருக்கிறாள் என்பது அவரை எழுந்து நிற்கவைத்தது.

“அருவாள எடுத்துட்டுப் போயி அந்த வூட்டு வாசல்ல…”

“போ. நீ செயிலுக்குப் போ. நான் லைட்டுத் திருடியாவே செத்துப்போறேன்.”

“அப்ப என்னாதான் செய்யச் சொல்ற?”

“எரியுமா இது?”

“எரியும்.”

“எரிய வையி.”

அந்த வாரம் முழுக்க அவர் வேறு ஸ்டவ்வைத் தொடவில்லை. டாங்கிக்குள் உறைந்திருந்த பழைய எண்ணெயைச் சுடுதண்ணீரும் சோடா உப்பும் போட்டுக் குலுக்கி வெளியேற்றினார். பம்பின் தோல் வாஷரை வெட்டி எண்ணெயில் ஊறப்போட்டார். எண்ணெய் பீச்சும் நிப்பிளின் துளையை ஊசியால் குத்தி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். புளி போட்டுத் தேய்த்ததில் டாங்கி முகம் பார்க்கிற மாதிரி ஆயிற்று. வளையத்தில் மட்டும் கை வைக்கவில்லை. மெலிந்த பக்கத்தில் இன்னொரு சொட்டு ஈயம் விட்டால் நல்லது என்று கை பரபரத்தது. அது இருந்தபடியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் லைட்டைச் சாக்கில் சுற்றிக்கொண்டு கடையைப் பூட்டும்போது அரவிந்தன் வந்து நின்றான். எங்கே போகிறார்கள் என்று கேட்டதும் முழுவதையும் சொன்னார்கள். அவன் முகம் மாறியது.

“நீங்க சொல்றது நெசமாவே இருக்கட்டுங்க. அதுக்காக அவரு வூட்டு வாசல்ல போயி நிக்கணுமா? இன்னும் ரெண்டு லைட்டு தரேன்னிருக்காரு. என்னை மாட்டி வுட்டுறாதீங்க.”

“உனக்கு லைட்டு போயிரும். அதான கவல?”

“பெரியவரே, இது நான் வாங்குன பொருளு. எடுத்துட்டுப் போனா திருட்டுக் கேஸ் ஆயிரும்.”

“கேஸு குடு” என்றார் அய்யாக்கண்ணு. “இந்த லைட்டுக்குத் திருட்டுப் பட்டம் நாங்க முன்னாடியே வாங்கியாச்சு. கேஸு ஒண்ணுதான் பாக்கி.”

அம்சவள்ளி அவனைப் பார்த்து, “சாயங்காலம் வந்து வாங்கிக்க தம்பி. எங்களுக்கு இது வேணாம்” என்றாள். அவன் வண்டிச் சாவியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே நின்றான். தடுக்கவில்லை.

பஸ்ஸில் கண்டக்டர் மூக்கைச் சுருக்கினான். “ஆயா, சாக்குல என்ன? மண்ணெண்ண வாட அடிக்குது.”

“டாங்கி காலி தம்பி. என் சீரு வரிசை. பொறந்த வூட்டுக்குக் கொண்டுபோறேன்” என்றாள் அவள்.

மீன்சுருட்டியில் இறங்கி ஒரு பெட்டிக்கடையில் மண்ணெண்ணெய் வாங்கிக்கொண்டார்கள். மாரியம்மன் கோயில் முன்னால் உட்கார்ந்து அய்யாக்கண்ணு டாங்கியை நிரப்பினார். லைட்டின் உள்கிண்ணத்தில் ஸ்பிரிட்டு ஊற்றிக் கொளுத்தி, சூடேறும்வரை காத்திருந்து, பம்பு அடித்தார். மேன்டில் வலை ஒரு தரம் கறுத்து, சிவந்து, வெளுத்தது. உச்சி வெயிலில் வெளிச்சம் தெரியவேயில்லை. இரைச்சல் மட்டும்தான். அம்சவள்ளி முந்தானையைச் சுருட்டித் தலையில் வைத்தாள். அவர் லைட்டைத் தூக்கி ஏற்றினார். அவள் கையை எடுத்தாள். லைட்டு அசையவில்லை.

அவள் முன்னால் நடந்தாள். அவர் நாலு அடி பின்னால். தெருவில் நெல் கிளறிக்கொண்டிருந்த ஒரு கிழவி கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்த்தாள்.

“பட்டப்பகல்ல லைட்டத் தூக்கிட்டுப் போற. யாருக்கும்மா கல்யாணம்?”

“பண்ண வூட்டுக் கல்யாணந்தான். எனக்கு மட்டும் அன்னிக்கிப் பாதியில நின்னுபோச்சு.”

கிழவிக்கு எங்கேயோ பொறி தட்டியிருக்க வேண்டும். கிளறுகிற கட்டையைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே வந்தாள். இன்னும் ரெண்டு மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள்.

பண்ணை வீட்டின் முன்பாதி இடிந்து கிடந்தது. செங்கல் சுமந்துகொண்டிருந்த சித்தாள்கள் நின்று பார்த்தார்கள். பாலசுந்தரம் பனியனோடு படிக்கு வந்தார். அப்பனின் அதே தடித்த கழுத்து.

“யாரும்மா நீ? என்னா வேணும்?”

“ஒண்ணும் வேணாங்க. உங்க அப்பாரு மெட்ராஸ்லேர்ந்து வாங்கியாந்த லைட்டாம். என் தலையில இருக்கு. எறக்கி வச்சுக்குங்க.”

அவர் லைட்டைப் பார்த்தார். பின்னால் நிற்கிறவர்களைப் பார்த்தார். “அத நான் வித்தாச்சு. கீழ வச்சிட்டுப் போ.”

“எரியற லைட்டத் தூக்குனவளே எறக்க முடியாதுங்க. இன்னொரு ஆளு வந்து, டாங்கிக்கு அடியில கைய குடுத்துத்தான் எறக்கணும்.”

அய்யாக்கண்ணு அவளுடைய கழுத்து நரம்பு புடைப்பதைப் பார்த்துவிட்டு ஓர் அடி எடுத்து வைத்தார்.

“நீ வராத” என்றாள், திரும்பாமல்.

“அடியில கைய குடுங்க. குடுத்தா வளையம் தட்டும். எந்தூரு லைட்டுன்னு உங்களுக்கே தெரியும்” என்று பாலசுந்தரத்திடம் சொன்னாள்.

பாலசுந்தரம் ஒரு கால் படியிலும் ஒரு கால் மண்ணிலுமாக நின்றார். சித்தாள்களில் ஒருத்தி தலையிலிருந்த செங்கல்லை இறக்க மறந்து அப்படியே நின்றாள். இரைச்சலில் வேறெதுவும் கேட்கவில்லை. லைட்டுக்கு மேலே வெயிலில் காற்று மட்டும் நெளிந்தது. அந்த நெளிவுக்குப் பின்னால் பண்ணை வீட்டின் மிச்சச் சுவர் நிலைகொள்ளாமல் ஆடிக்கொண்டிருந்தது.