கெட்டிலின் உட்புறம்

குனிஹிகோவின் வார்ப்புப் பட்டறைக்குள் ஒரு சுற்றுலாக் குழுவைக் கூட்டிவர கனாயே இரண்டு வருடம் நடையாய் நடந்திருந்தாள். முதல் தடவை அவர் கதவைக்கூடத் திறக்கவில்லை. இரண்டாவது தடவை திறந்து, "இது கெட்டில் வார்க்கிற இடம்மா, மிருகக்காட்சி சாலை இல்ல" என்று சொல்லிவிட்டு மூடினார். மூன்றாவது தடவை அவருடைய மனைவி மசாயே குறுக்கே புகுந்தாள். அதன் பிறகுதான், "ஒரே ஒரு நாள். எட்டுப் பேருக்கு மேல கூடாது. அப்புறம் நான் சரின்னா சரி, வேணாம்னா வேணாம்" என்ற அளவுக்காவது மனிதர் இறங்கி வந்தார்.

அந்த ஒரே ஒரு நாள் இன்றுதான். கைத்தொழிலும் வீட்டுச் சமையலும் சேர்ந்த இந்த வட ஜப்பானின் மொரியோக்கா நகரச் சுற்றுலாவுக்குத் திட்டம் போட்டது கனாயே. குனிஹிகோ இல்லாவிட்டால் திட்டமே இல்லை என்று அவளுடைய மேலாளர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். குனிஹிகோ மறுத்துவிட்டால் அடுத்த மாதத்திலிருந்து ரயில் நிலைய வாசலில் கொடி பிடித்து நின்று, அடுத்தவர்களின் குழுக்களைப் பேருந்தில் ஏற்றிவிடும் பழைய வேலைதான். முப்பத்தாறு வயதில் அந்தக் கொடியை மறுபடி தூக்க அவளுக்குக் கொஞ்சமும் மனமில்லை.

அப்படிப்பட்ட நாளில் அவளுக்கு வாய்த்தவர்களோ ஒசாகாவிலிருந்து வந்த எட்டுப் பெண்கள். வடக்கத்திக் குளிரில் வளர்ந்தவர்கள் ஒரு நாளில் பேசுவதை ஒசாகாக்காரர்கள் காலைச் சாப்பாட்டுக்குள் பேசி முடித்துவிடுவார்கள். அதிலும் தோகியே என்று ஒருத்தி. அறுபத்திரண்டு வயது. பள்ளிக்கூடச் சமையற்கூடத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பை நிறைய மிட்டாய் வைத்துக்கொண்டு, எதிர்ப்படுகிறவர்கள் கையிலெல்லாம் திணித்துக்கொண்டே வந்தாள். பட்டறைக்குள் நுழைந்ததும் குனிஹிகோவின் கையிலும் ஒன்றைத் திணித்தாள்.

"எலுமிச்சை மிட்டாய் ஐயா. புகைக்கு நல்லது."

குனிஹிகோ அதை வெறித்துப் பார்த்தார். பிறகு சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

காலை நேரம் எப்படியோ நல்லபடியாகக் கழிந்தது. ஈர மணல் அச்சின் உள்சுவரில், ஒரு சின்னக் குச்சியால் வரிசை வரிசையாகப் புள்ளி குத்த வேண்டும். அச்சில் பள்ளமாக விழும் புள்ளி, இரும்பு ஊற்றியதும் கெட்டிலின் மேல் மணியாக எழும்பும். எட்டுப் பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு குத்தினார்கள். அந்த அரை மணி நேரம்தான் அவர்கள் வாய் மூடியிருந்தது.

"என்னோடது அம்மை போட்ட மாதிரி இருக்கே" என்றாள் தோகியே.

குனிஹிகோ குனிந்து பார்த்தார். "இல்ல. நேராத்தான் வந்திருக்கு."

அவர் ஒருவரைப் பாராட்டி கனாயே கேட்டதே இல்லை. பிழைத்தோம் என்று நினைத்தாள்.

மதியம் பட்டறையை ஒட்டிய வீட்டில் மசாயே ஹித்சுமி வைத்திருந்தாள். பிசைந்த கோதுமை மாவைக் கையால் மெல்லிசாகப் பிய்த்துப் போட்டு, கோழியும் காளானும் கேரட்டும் சேர்த்துப் பெரிய இரும்புச் சட்டியில் கொதிக்கவிட்டது. கிண்ணத்தை உறிஞ்சி முடித்த தோகியே, "பிரமாதம்! ஆனா எங்க ஊருல இதுக்குப் பாதி உப்புதான் போடுவோம்" என்றாள்.

"எங்க ஊர்க் குளிருக்கு உப்புதாங்க கம்பளி" என்று மசாயே சிரித்தாள்.

"அப்ப இன்னொரு கிண்ணம் போர்த்திக்கிறேன், ஊத்துங்க."

மசாயேவுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. குனிஹிகோவின் நெற்றிதான் சுருங்க ஆரம்பித்திருந்தது. தோகியே பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, உலை எத்தனை சூடு, வருடத்துக்கு எத்தனை கெட்டில், அவர் மூக்கு ஏன் அத்தனை கறுப்பு என்று கேள்வியாய்க் கேட்டுத் துளைத்துக்கொண்டிருந்தாள். சாப்பாடு முடிந்ததும் இரும்பு ஊற்றுவதைக் காட்ட அவர் எழுந்தார். தோகியே மட்டும் எழவில்லை.

"முட்டி வலிக்குது கனாயே. நீங்க போங்க. நான் பாத்திரத்தக் கழுவி வைக்கிறேன்."

சாப்பிட்ட வீட்டில் பாத்திரத்தைத் தொடாமல் எழுந்து போக அந்தத் தலைமுறைப் பெண்களால் முடியாது. வழக்கப்படி இதற்கு மூன்று தடவையாவது மறுக்க வேண்டும். மூன்றாவது மறுப்புக்குப் பிறகும் அவர்கள் எழுந்தால், சும்மா துடைக்கிற வேலையாகப் பார்த்து ஒன்றைக் கொடுக்க வேண்டும். கனாயேவுக்கு இதெல்லாம் தாய்ப்பாலோடு வந்த பாடம். ஆனால் குனிஹிகோவின் நெற்றியைப் பார்த்தாள், தோகியேவின் வாயைப் பார்த்தாள், "ஐயோ, வேண்டாம்மா" என்று ஒரே தடவை சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டாள். தேநீருக்குப் பலகாரம் வாங்க மசாயே கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். வீட்டில் தோகியே தனி.

உலையிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரும்பு வழிந்ததைப் பார்த்து ஏழு பெண்களும் கூவினார்கள். குனிஹிகோவின் முகம் தெளிந்திருந்தது. மூன்று மணிக்குத் தேநீர், தன் அப்பாவின் கெட்டிலில் தானே போட்டுத் தருவதாகச் சொன்னார். கனாயே ஏற்பாடுகளைப் பார்க்கலாம் என்று சமையலறைக்கு ஓடினாள். மணி இரண்டேகால்.

தோகியே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, வேர்வை வழிய, வெற்றி வீரனைப் போல நின்றிருந்தாள்.

"வா வா, இதப் பாரு! அந்தம்மாவுக்குக் கண்ணு சரியாத் தெரியல போல, பாவம். உள்ள பூரா வெள்ளையாப் பொருக்குத் தட்டி, நடுநடுவுல துரு வேற. குழந்தைங்க சாப்பிடற இடமா இருந்தா சீல் வச்சிருப்பாங்க. கம்பி நாரு போட்டு ஒரு தேய் தேய்ச்சேன் பாரு, முகம் பாக்கலாம் இப்ப."

அவள் நீட்டியது குனிஹிகோவின் அப்பாவினுடைய கெட்டில்.

மொரியோக்காவில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும், கெட்டிலின் உள்ளே கை வைக்கக் கூடாது. வருடக்கணக்காகத் தண்ணீர் கொதித்துக் கொதித்து உள்ளே படியும் அந்த வெள்ளைப் பொருக்குதான் துருவைத் தடுக்கும், தண்ணீரை மென்மையாக்கும். பழைய கெட்டிலுக்கு மதிப்பே வெளியே இருக்கும் வேலைப்பாட்டில் பாதி, உள்ளே இருக்கும் படலத்தில் பாதி. அப்பா காலத்துப் படலம் என்று குனிஹிகோ பத்திரிகைக்காரர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறார். உலையருகே போகாதீர்கள், அச்சைத் தொடாதீர்கள் என்று கனாயே காலையில் நீளமாக ஒரு பட்டியல் வாசித்தாளே, அதில் இது இல்லை. அந்த ஊரில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை என்பதால் அவளுக்கும் சொல்லத் தோன்றவில்லை.

கெட்டிலுக்குள் சாம்பல் நிற இரும்பு மினுங்கியது. கொடியும் ரயில் நிலையமும்தான் கனாயேவின் கண் முன்னால் வந்தன.

"ஏன் இப்படி வெளிறிப்போற? நான் எதாவது..." தோகியே பாதியில் நிறுத்தினாள். அவள் முட்டாள் இல்லை. கெட்டிலைப் பார்த்தாள், கனாயேவைப் பார்த்தாள், கையிலிருந்த கம்பி நாரை மெதுவாகக் கீழே வைத்தாள். "தேய்க்கக் கூடாததா?"

"தேய்க்கவே கூடாததும்மா."

தோகியே முட்டி வலியை மறந்து தரையில் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து மசாயே பலகாரப் பொட்டலத்தோடு உள்ளே வந்தாள். ஒரு பார்வைதான். பொட்டலத்தை வைத்துவிட்டு, திரும்பிப் போய்ச் சமையலறைக் கதவைச் சாத்தினாள்.

கனாயேவும் தோகியேவும் தலை தரையில் முட்ட வணங்கினார்கள். "என் தப்புங்க. நான்தான் விட்டுட்டுப் போனேன்" என்றாள் கனாயே. "இல்ல, என் கையை வெட்டிப் போடணும்" என்றாள் தோகியே.

"வெட்டறத அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல எந்திரிங்க. அந்த டீத்தூள் டப்பாவ எடு கனாயே. பச்ச டீ. நல்லது வேணாம், மட்டமானது, கீழ இருக்கு பாரு."

மசாயே ஒரு துணிப் பைக்குள் இரண்டு கைப்பிடி தேயிலையைக் கட்டிக் கெட்டிலுக்குள் போட்டு, தண்ணீர் நிரப்பி அடுப்பில் வைத்தாள். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் மை போலக் கறுத்தது. கொட்டிவிட்டு மறுபடி நிரப்பினாள்.

"டீயோட கசப்பும் இரும்பும் சேந்தா இப்படிக் கறுப்பா ஒட்டிக்கும். துரு ஏறாது" என்றாள் மசாயே.

"உங்களுக்கு எப்படிம்மா இது அத்துப்படியா..." என்று கனாயே இழுத்தாள்.

மசாயே அடுப்பைப் பார்த்தபடியே நின்றாள். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பார்த்தால், சிரிப்பு.

"நான் வாழ்க்கைப்பட்டு வந்த ரெண்டாம் மாசம். நான் கடலோரத்து மீன்கார வீட்டுப் பொண்ணு, கெட்டிலப் பத்தி எனக்கு என்ன தெரியும்? மாமியார்கிட்ட நல்ல பேர் வாங்கணும்னு வைக்கோல் நாரும் மணலும் போட்டு இதே கெட்டில இதே மாதிரி தேய்ச்சு வச்சேன். மாமனார் பாத்துட்டாரு. ஒரு வார்த்தை திட்டல. அவரே டீத்தூளக் கட்டிப் போட்டுக் காய்ச்சினாரு. 'அவன்கிட்ட சொல்லாதம்மா'ன்னாரு. அவ்வளவுதான். அப்பா காலத்துப் படலம், அப்பா காலத்துப் படலம்னு இவரு சொல்றப்பல்லாம் முப்பத்துமூணு வருஷமா நாக்கக் கடிச்சிக்கிட்டு இருக்கேன். நெஞ்சுல முள்ளு மாதிரி."

தோகியே எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கையால், பழக்க தோஷம், ஒரு மிட்டாயையும் கொடுத்தாள்.

மூன்று மணிக்கு எல்லோரும் கணப்பைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மூன்று தடவை தேயிலை போட்டுக் காய்ச்சி, நல்ல தண்ணீரில் அலசியெடுத்த கெட்டில் கரி நெருப்பின் மேல் ஒன்றும் அறியாததுபோல் முனகிக்கொண்டிருந்தது. குனிஹிகோ கையைக் கழுவிக்கொண்டு வந்து அமர்ந்தார்.

"இதோட உள்ள நாங்க கை வைக்க மாட்டோம். எங்கப்பா காலத்துலேர்ந்து..."

தோகியே கண்களை மூடிக்கொண்டாள். தேயிலை போடுவதற்கு முன்னால் வெறும் வெந்நீரைத் தான் ஒரு வாய் குடித்துப் பார்ப்பது குனிஹிகோவின் வழக்கம். ஊற்றினார். குடித்தார். வாய்க்குள் வைத்துக்கொண்டு சற்று நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு துணியால் மூடியைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"யாரு?"

தோகியே வாயைத் திறப்பதற்குள் மசாயே முந்திக்கொண்டாள்.

"நான்தாங்க."

குனிஹிகோ மனைவியை நிதானமாகப் பார்த்தார்.

"மறுபடியுமா?"

மசாயேவின் கையிலிருந்த தட்டு நழுவி, பலகாரம் பாயில் உருண்டது. "மறுபடியுமான்னா? மாமா சொல்லிட்டாரா?"

"அப்பா எதுக்குச் சொல்லணும்? கெட்டில் செய்யறவன் வாய்ல தண்ணி பட்டாத் தெரியாதா? அன்னிக்கே தெரியும்."

"அப்ப எதுக்கு ஊரெல்லாம் அப்பா காலத்துப் படலம்னு..."

"வேற என்ன சொல்றது? பொண்டாட்டி தேய்ச்ச கெட்டில்னா? நீ அழுவ."

அழத்தான் செய்தாள். சிரித்துக்கொண்டே, கண்ணைத் துடைக்கத் துணி கிடைக்காமல் கணவரின் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்துவிட்டு அழுதாள். முப்பத்துமூன்று வருடத்து முள் அப்போதுதான் வெளியே வந்தது. தோகியே அவளுக்கு முன்னால் நகர்ந்து வந்து தலையைத் தாழ்த்தினாள்.

"அவங்க இல்லீங்க ஐயா. இந்தத் தடவை நான். நல்லது செய்யறேன்னு நெனச்சுத்தான் செஞ்சேன்."

"ஆமா, இது அவ வேலை இல்லன்னு பாத்ததுமே தெரிஞ்சுது" என்றார் குனிஹிகோ. "அவ மூலை முடுக்கெல்லாம் விட்டுட்டா. நீங்க கெட்டில் மூக்குக்குள்ளகூட விட்டு வைக்கல."

யாரோ ஒருத்தி பொறுக்க முடியாமல் களுக்கென்று சிரித்தாள். அவ்வளவுதான், மதகு உடைந்தது. கனாயேவால்தான் சிரிக்க முடியவில்லை. அவர் இன்னும் தன் பக்கம் திரும்பவில்லை.

குனிஹிகோ இன்னொரு வாய் வெந்நீர் குடித்து முகத்தைச் சுளித்தார்.

"இரும்பு வாடை அடிக்குது. பழையபடி வர ரெண்டு வருஷம் ஆகும். அதுவும் தெனம் காய்ச்சணும், ஒரு நாளைக்கு நாலு தரமாவது. வீட்ல இருக்கறது நாங்க ரெண்டே பேர். எவ்வளவு டீதான் குடிக்கறது?" அவர் கெட்டிலைத் திரும்பவும் நெருப்பில் வைத்தார். "ஏம்மா கனாயே, மாசத்துக்கு எத்தனை குழு கூட்டியார முடியும் உன்னால?"

கேட்டது காதில் விழுந்து மண்டைக்குள் போய்ச் சேர அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"நாலு, ஐயா" என்றாள்.

"பத்தாது" என்றார் குனிஹிகோ. "ஆறா வை."