விருந்தோம்பல் பிரிவு

விருந்தினர் நாட்டுக் கொடி மட்டும் சாய்ந்து சாய்ந்து விழுந்தது. அக்கா ஓர் அட்டைத் துண்டை மடித்து அதன் அடியில் சொருகிக்கொண்டிருந்தபோது அலுவலக டைரக்டர் வந்தான். ஆளுக்கு முன்னால் சென்ட் வாசனை வந்து சேரும். அதனால் அவள் நிமிர்ந்து பார்க்கத் தேவையிருக்கவில்லை.

"அக்கா, ஒரு நிமிஷம்."

கூட்டங்களில் அவளை அவன் 'மேடம்' என்றுதான் சொல்வான். ஏதாவது வேண்டும் என்றால் மட்டும் பழைய 'அக்கா' நாக்கில் ஊறும். நகராட்சியின் முதலீட்டு வளர்ச்சி அலுவலகத்தில் எல்லோருக்குமே அவள் அக்காதான். அவனுக்கும் ஒரு பெயர் உண்டு, முதுகுக்குப் பின்னால். வெண்ணெய். எந்தச் சுவரில் தடவினாலும் ஒட்டிக்கொள்வான், எந்தக் கையில் பிடித்தாலும் நழுவிவிடுவான்.

"துறைமுகத்தம்மாவுக்கு ஒரு பொண்ணு உண்டுல்ல? நீங்ககூட அதைக் கூட்டிக்கிட்டு ஊரெல்லாம் சுத்துனீங்களே. பேர் என்ன?"

கடல் தாண்டியிருந்த ஒரு துறைமுக நகரத்தின் வர்த்தக மன்றத் தலைவியைத்தான் அலுவலகத்தில் எல்லோரும் துறைமுகத்தம்மா என்பார்கள். இன்று அந்த நகரமும் இந்த நகரமும் கைகோக்கப்போகின்றன. கப்பல் பழுதுபார்க்கும் தளம் ஒன்று, இரண்டு ஊருக்கும் இடையே நேரடிக் கப்பல் சேவை, வெல்டிங் படிக்கும் பிள்ளைகளுக்கு அங்கே பயிற்சி. ஊர் முழுக்கப் பதாகை. 'உலகின் வாசல் நம் நகரம்' என்று எழுதி, அந்த எழுத்துக்குக் கீழே மேயர் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"எதுக்கு?" என்றாள் அக்கா.

அவன் போனை நீட்டினான். "கடைசி ஸ்லைடு. சும்மா புள்ளிவிவரமா கொட்டுனா எல்லாரும் தூங்கிடுவாங்க. இதைப் போட்டுட்டு, பொண்ணு எப்படி இருக்கான்னு மைக்லயே கேக்கப் போறேன். பிசினஸ்ங்கறது கடைசில மனுஷங்கதானே அக்கா?"

அந்தம்மா முதன்முதலில் இங்கே வந்தபோது படகுத்துறையில் எடுத்த படம். அந்தம்மா, பக்கத்தில் முன்பல் பெரிதாகத் தெரியச் சிரிக்கும் சிறுமி. சிறுமிக்கு இந்தப் பக்கம் ஒரு தோள்பையின் வார் மட்டும் தொங்கியது. பைக்குச் சொந்தக்காரியை வெட்டியிருந்தார்கள். அக்காவுக்குத் தன் பை தெரியாதா?

அவள் போனைத் திருப்பிக் கொடுத்தாள். பிள்ளையின் பெயரைச் சொன்னாள். அவன் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

"இப்ப என்ன பண்ணுது?"

"நீங்களே கேளுங்க. அவங்க மனசு அப்படியே கரைஞ்சுடும்."

"தேங்க்ஸ்க்கா." போய்விட்டான். கொடி இப்போது நேராக நின்றது.

அந்தப் பெண் இறந்து இரண்டு வருஷமாகிறது. படகுப் பந்தயத்துக்குப் பயிற்சி எடுக்கப் போன இடத்தில், பார்த்துக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்தாள். இதயத்தில் யாருக்கும் தெரியாமல் ஒரு கோளாறு இருந்திருக்கிறது என்று பிறகு சொன்னார்கள். இந்த ஊரில் அது தெரிந்த ஒரே ஆள் அக்கா. ஒரு நடுப்பகலில், அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத ஆங்கிலத்தில் அந்தம்மா அழுதாள். அழுகைக்கு இலக்கணம் வேண்டியதில்லை. கடைசியில், "உங்க ஆபீஸ்ல யாருக்கும் சொல்லாதே. மலர்வளையம், இரங்கல் தீர்மானம் எதுவும் எனக்கு வேணாம்" என்றாள். அக்கா சொல்லவில்லை.

அவர்கள் பழக்கம் ஒரு வெளிநாட்டு வர்த்தகக் கண்காட்சியில் ஆரம்பித்தது. பணக்கார நகரங்களெல்லாம் நடு அரங்கில் அருவி கொட்ட, விளக்கு சுழல உட்கார்ந்திருந்தபோது, இந்த இரண்டு நகரங்களுக்கும் கிடைத்தது கழிப்பறைக்குப் பக்கத்து மூலை. வந்தவர்கள் எல்லோரும் வழி கேட்கத்தான் வந்தார்கள். மூன்றாம் நாள் அந்தம்மா ஓர் அம்புக்குறியை வரைந்து சுவரில் ஒட்டிவிட்டு, "இந்தக் கண்காட்சியில நாமதான் ரொம்ப உபயோகமான ஸ்டால்" என்றாள். இரண்டு பேரும் கண்ணீர் வரச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பிலிருந்துதான் கப்பல் தளம் வரை எல்லாம் வந்தது. எத்தனை வருஷத்து வேலை! ஒவ்வொரு முறை மேயர் மாறும்போதும் மறுபடி முதல் படியிலிருந்து ஏறி, ஒவ்வொருவருக்கும் பாடம் நடத்தி.

வெண்ணெயை வேலைக்குச் சேர்த்ததே அவள்தான். கருப்பையை எடுக்க அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பழக்கூடையோடு வந்தான். "நீங்க ரெஸ்ட் எடுங்கக்கா, நான் பாத்துக்கறேன்" என்று ஒவ்வொரு விவரமாகக் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். வலி மாத்திரை மயக்கத்தில் அவளும் சொந்தத் தம்பிக்குச் சொல்வதுபோல் சொன்னாள். டைரக்டர் பதவிக்குத் தேர்வு நடந்த அன்று அவன் தேர்வுக் குழுவிடம் குரல் தழுதழுக்கச் சொன்னானாம்: "அக்காவுக்கு என்ன ஆபரேஷன்னு உங்களுக்கே தெரியும். இனிமே பயணம், அலைச்சல் எதுவும் தாங்காது. அவங்களே எங்கிட்ட சொல்லி அழுதாங்க." வயிற்றில் தையல் பிரிக்காத அவளுக்கு இதை வந்து சொன்னது கேன்டீன்காரர். நாலு ஆண்பிள்ளைகள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து அவள் கருப்பையைப் பற்றித் தலையாட்டியிருக்கிறார்கள். திரும்பி வந்தபோது அவளுக்கென்று புதிதாக ஒரு பிரிவு தயாராக இருந்தது. விருந்தோம்பல். தண்ணீர் பாட்டில், கொடி, நாற்காலி.

வளர்த்த கடா மார்பில் பாய்ந்தால் அழுது தீர்த்துவிடலாம். அவள் அழவில்லை, கறுவினாள். பல் செட் செய்யும் கடை வைத்திருக்கும் அவள் கணவர், "பல்லுக்குப் பல்லுன்னா சொல்லு, கிளிப்போட செஞ்சு தர்றேன்" என்று சிரிக்க வைக்கப் பார்ப்பார். அவள் சிரிப்பாள். ஆனால் பஸ்ஸில் வரும்போதும் சோறு வடிக்கும்போதும் அவன் ஆயிரம் விதமாக விழுவதை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். எல்லாவற்றிலும் அவள் ஏதாவது செய்தாக வேண்டியிருந்தது. ஒன்றுமே செய்யாமல், அவனே கேட்டு வாங்கிக்கொண்டு போவான் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. நுணலும் தன் வாயால் கெடும்.

துறைமுகத்தம்மா வந்தபோது அக்கா வாசலில் பூங்கொத்தோடு நின்றாள். அந்தம்மா இளைத்திருந்தாள், முடியை ஒட்ட வெட்டியிருந்தாள். பூங்கொத்தை வேறு யாரிடமோ தள்ளிவிட்டு அக்காவை இறுகக் கட்டிக்கொண்டாள். "நீ இருக்கேன்னுதான் வந்தேன்" என்று காதோடு சொன்னாள்.

அவன் கேட்கப்போவதை அப்போதுகூடச் சொல்லியிருக்கலாம். லிப்டில் இரண்டு பேர் மட்டும்தான் போனார்கள். கதவு மூடியது, திறந்தது. அக்கா, "பயணம் சௌகரியமா இருந்துச்சா?" என்று கேட்டாள்.

அரங்கில் அவள் கடைசி வரிசைக்குப் பின்னால் சுவரோரம் நின்றுகொண்டாள். வெண்ணெய் நன்றாகத்தான் பேசினான், அதைக் குறை சொல்ல முடியாது. வேலைவாய்ப்பு, சரக்குப் போக்குவரத்து, இளைஞர் சக்தி. பாதிக்கு மேல் அவள் எழுதிய வாக்கியங்கள். அவளுக்கே கேட்க நன்றாக இருந்தது. பிறகு திரையில் படகுத்துறை வந்தது. அந்தப் பெரிய முன்பற்கள் சுவரளவுக்குச் சிரித்தன.

"ஒப்பந்தங்கள் காகிதத்தில் தொடங்குவதில்லை, இப்படித்தான் தொடங்குகின்றன" என்றான் ஆங்கிலத்தில். பெயரைச் சுத்தமாக உச்சரித்தான். "நம் செல்லப் பெண் எப்படி இருக்கிறாள்? ஏன் அழைத்து வரவில்லை? அடுத்த முறை அவள் வராமல் நாங்கள் கையெழுத்துப் போட மாட்டோம்!"

மேயர் கைதட்ட, அரங்கமும் தட்டியது. முன்வரிசையில் விருந்தினர் குழுவிலிருந்த ஆறேழு பேர் மட்டும் தட்டவில்லை. அதைப் பார்த்துப் பின்வரிசை நிறுத்தியது, அதற்குப் பின்வரிசை நிறுத்தியது. கடைசியாக ஓர் ஆள் மட்டும் தட்டிக்கொண்டிருந்தார்.

அந்தம்மா எழுந்தாள். மைக் வேண்டாமென்று கையை ஆட்டினாள். "அவள் இறந்துவிட்டாள்" என்றாள், வகுப்பில் வருகை சொல்வதுபோல.

அக்காவின் வயிற்றில் பால் வார்த்தது மாதிரி இருந்தது. ஆமாம், அப்படித்தான் இருந்தது. வெண்ணெய் கிளிக்கரை அழுத்தினான், படம் போகவில்லை. மறுபடி அழுத்தினான். அது கடைசி ஸ்லைடு, அடுத்துப் போக இடமில்லை. மேயரின் பிடரி சிவப்பதைப் பின்னாலிருந்தே பார்க்க முடிந்தது. ஒவ்வொரு நொடியையும் அக்கா சப்புக்கொட்டி விழுங்கினாள். பிறகுதான் அந்தம்மா இன்னும் நின்றுகொண்டிருப்பது கண்ணில் பட்டது. திரையை அண்ணாந்து பார்த்தபடி, உட்கார மறந்துபோய், பெற்றவள் பிள்ளையைப் பார்க்கிற பார்வை.

கூட்டத்தை நிறுத்திவிட்டு எல்லோரையும் பக்கத்து அறைக்குக் கொண்டுபோனார்கள். மேயர் கதவைச் சாத்தியதும் வெண்ணெய் பொறுக்க முடியாமல் சொன்னான்: "சார், இவங்கதான் சொன்னாங்க. கேளுங்கன்னு சொன்னதே இவங்கதான். சத்தியமா சார்!"

மேயர் திரும்பினார். "உங்களுக்குத் தெரியுமாம்மா?"

 சோபாவில் அந்தம்மா தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தபடி அக்காவைப் பார்த்தாள். மொழி புரியாவிட்டாலும் கேள்வி புரிந்திருந்தது.

"தெரியாது சார்" என்றாள் அக்கா. "பேரு கேட்டாரு, சொன்னேன். நான் விருந்தோம்பல்தானே? எனக்கு யாரு இதெல்லாம் சொல்லப் போறாங்க?"

மொழிபெயர்ப்பாளர் தாழ்ந்த குரலில் இரண்டு பேர் சொன்னதையும் அந்தம்மாவுக்குச் சொன்னார். அந்தம்மா ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் கவிழ்ந்துவிடும். அந்தம்மா டம்ளரை மேசையில் வைத்தாள். "கையெழுத்துப் போடலாம்" என்றாள். "ஆனா இவர் மேடையில இருக்க வேண்டாம். அவங்க நிக்கட்டும்."

அப்படித்தான் நடந்தது. டைரக்டரின் நாற்காலிக்குப் பின்னால் அக்கா நின்றாள். காகிதங்கள் கைமாறின, கேமராக்கள் மின்னின. நாளையிலிருந்து பொறுப்பை நீங்க பாத்துக்கணும் என்று மேயர் காதில் சொன்னார். எத்தனை வருஷம் கேட்க ஏங்கிய வாக்கியம்! அது வந்தபோது அவள் அடுத்த பக்கத்தில் கையெழுத்து இடத்தைக் காட்டும் ஒட்டுத்தாள் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

விமான நிலையம் வரை கூடப் போனாள். அந்தம்மா வழியெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். கப்பல் தளம் வரப்போகும் சேற்று நிலம் போயிற்று. பிள்ளைகள் அதில் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

"நீதான் யாருக்கும் சொல்லாதேன்னே" என்றாள் அக்கா கடைசியில். தன் குரல் தனக்கே வெண்ணெயின் குரல் மாதிரி கேட்டது.

"சொல்லாதேன்னேன்" என்றாள் அந்தம்மா. "கேக்க விடுன்னு சொல்லலியே."

இறங்கியதும் அவள் கைகுலுக்கினாள். கட்டிக்கொள்ளவில்லை. கண்ணாடிக் கதவு திறந்து, அவளை உள்ளே வாங்கி, மூடிக்கொண்டது.

திரும்பும் வழியில் அலுவலகத்துக்கு முன்னாலுள்ள சிக்னலில் கார் நின்றது. டைரக்டருக்கென்று ஒதுக்கிய கார். பஸ் நிறுத்தத்தில் வெண்ணெய் நின்றுகொண்டிருந்தான், கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு. சட்டையின் முதுகு முழுக்க நனைந்திருந்தது. அந்த நிறுத்தத்தில் எந்தப் பஸ் எங்கே போகும் என்று அவனுக்குத் தெரியாது. பக்கத்துப் பெண்ணிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தான். டிரைவர் அவனைப் பார்த்தார், பிறகு கண்ணாடியில் அக்காவைப் பார்த்தார்.

"நிறுத்தவா மேடம்?"

பச்சை விழுந்தது. பின்னால் ஒரு பஸ் ஆரன் அடித்துக்கொண்டு வந்தது. வெண்ணெய் ஓரடி முன்னால் வந்து கையை நீட்டினான், காருக்கா பஸ்ஸுக்கா என்று தெரியாதபடி.