மூணாம் மாடித் தண்ணீர், நாலாம் மாடித் தண்ணீர்

மாளவிகா அடையாறில் ஓர் ஆய்வுக்கூடத்தில் தண்ணீரைச் சோதிக்கிறவள். உள்ளதை உள்ளபடி சொல்வாள், ஒரு சொல் கூட்டவும் தெரியாது, குறைக்கவும் தெரியாது. இப்படி ஒரு குணத்தை வைத்துக்கொண்டு நம் ஊரில் காலம் தள்ளுவது எத்தனை கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும், கண்ணுகளா.

மயிலாப்பூரில் தான் குடியிருக்கும் தெருவிலேயே வீடு வீடாகப் போய், செம்புக் குடத்துத் தண்ணீரை வாங்கிவந்து ஆராய்ந்தாள். நல்ல தண்ணீரைத் துலக்கின செம்பில் ராத்திரி முழுக்க வைத்தால் கிருமி குறைகிறது. அதே செம்பில் மோரோ எலுமிச்சைச் சாறோ ஊற்றி வைத்தால் வயிற்றைப் புரட்டும். இதெல்லாம் சரி, ஆனால் இந்தத் தெருக் குழாயில் சாக்கடை கலக்கிறது, அதற்குச் செம்பு போதாது, கொதிக்க வைத்துத்தான் குடிக்கணும். கடைசி வரியை அவள் தடித்த எழுத்தில் போட்டாள்.

காரணம் வீட்டிலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தது. அப்பா கஸ்தூரிரங்கன். போன வருஷம் மஞ்சள் காமாலையில் படுத்து, எல்லோரையும் கலங்க அடித்துவிட்டு எழுந்தவர். இன்னொரு தடவை வந்தால் இவர் ஈரல் தாங்காது என்று டாக்டர் மாளவிகாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

இந்த ஆராய்ச்சியைக் கேள்விப்பட்டு, தேனாம்பேட்டையிலிருந்து மகேஷ் என்கிற டிவி நிருபர் வந்தான். நல்ல பையன். அவன் வேலை பார்க்கிற கட்டடத்தில் மூணாம் மாடியில் ஒரு சேனல், நாலாம் மாடியில் ஒரு சேனல். மூணாம் மாடிக்கு நம் முன்னோர்கள் தப்பே செய்ததில்லை. நாலாம் மாடிக்கு நம் முன்னோர்கள் தப்பைத் தவிர வேறொன்றும் செய்ததில்லை. ரெண்டு மாடிக்கும் முதலாளி ஒருத்தரே. அறிவியல் நிருபரும் ஒருத்தனே, சிக்கனம்தான். மூணாம் மாடிக்குப் போகும்போது மகேஷ் நெற்றியில் விபூதி இட்டுக்கொள்வான். நாலாம் மாடிக்கு லிஃப்ட் ஏறுவதற்குள் கர்சீஃபால் துடைத்துவிடுவான்.

சாயங்காலம் மூணாம் மாடி முழங்கியது: "செம்பு ஒன்றே போதும்! முன்னோர் அறிவியலுக்கு ஆய்வாளர் மாளவிகா முத்திரை!"

அதே நேரம் நாலாம் மாடி: "செம்புக் குடம் நஞ்சு! மூடநம்பிக்கையை உடைத்தார் ஆய்வாளர் மாளவிகா!"

இரண்டிலும் அவள் முகம் இருந்தது, வாய் அசைந்தது. பின்னணி இசை மட்டும் ஒன்றில் வீணை, மற்றதில் முரசு. சாக்கடை எதிலும் இல்லை.

மாளவிகா வீட்டுக்குள் நுழைந்தபோது, அப்பா குழாயடியிலிருந்து நேரே செம்புக் குடத்தை நிரப்பிக்கொண்டிருந்தார்.

"அப்பா! அதைக் கொதிக்க வைக்கணும்."

"எதுக்குடி? செம்பே போதும்னு நிரூபிச்சாச்சு."

"யாரு?"

"நீதான்! டிவில வந்தயே. ஆத்துல ஒண்ணு பேசறே, அங்க ஒண்ணு பேசறே."

"பாதியை வெட்டிட்டாப்பா. நான் சாக்கடை கலக்கறதுன்னு சொன்னேன்."

"அவ்ளோ பெரிய சேனல் வெட்டுமா? நீதான் மறந்துபோயிருப்பே. வேலை ஜாஸ்தி, பாவம்."

அதற்குள் மாடி வீட்டு வெள்ளைத்துரை படியிறங்கி வந்தார். திருநெல்வேலிக்காரர், தி.நகரில் பாத்திரக் கடை, கறுப்புச் சட்டை, நாலாம் மாடியின் பரம ரசிகர்.

"அம்மா மாளவிகா, நெத்தியடி அடிச்சிட்டல்லா! செம்பை அப்பவே தூக்கிப் போட்டுட்டேன். இப்பம் குழாயைத் திறந்தா நேரா வாய்தான்."

"ஐயோ, அங்கிள், அது இன்னும் மோசம்!"

"பயப்படாதம்மா. உண்மையச் சொன்னா சாமி மாதிரி ஆளுக கோவப்படத்தான் செய்வாங்க." கஸ்தூரிரங்கனைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"ஓய் துரை," என்றார் கஸ்தூரிரங்கன், "உம்ம கடையில செம்புக் குடம் அடுக்கி வெச்சிருக்கீரே, அது நஞ்சு இல்லையோ?"

"அது யாவாரம், சாமி. இது கொள்கை."

கவனித்தீர்களா? இரண்டு பேரும் அவளை மேற்கோள் காட்டி அவளையே மடக்கினார்கள். இரண்டு பேரும் குடித்தது ஒரே குழாய்த் தண்ணீர்.

மறுநாள் மாளவிகா தேனாம்பேட்டைக்கே போனாள். மகேஷ் லிஃப்ட் வாசலில் கர்சீஃபும் கையுமாக நின்றான்.

"சாக்கடை எங்க, மகேஷ்?"

"எடிட்டிங்ல போயிடுச்சு, மேடம்."

"ரெண்டு மாடிலயுமா?"

"மேடம், மூணாம் மாடில முன்னோர் தோக்கக் கூடாது. நாலாம் மாடில முன்னோர் ஜெயிக்கக் கூடாது. சாக்கடைல யாரு ஜெயிச்சா? நானே கேட்டுப் பாத்தேன், எவனும் சொல்ல மாட்டேங்கிறான்."

"எங்கப்பா அதைக் குடிக்கறார், மகேஷ்."

அவன் முகம் வாடியது. நல்ல பையன் என்றேனே. "வேணும்னா ஒண்ணு பண்ணலாம். சாக்கடைக்கு எந்தக் கட்சி காரணம்னு சொல்லுங்க. ஒரு கட்சியைச் சொன்னா மூணாம் மாடி போடும், இன்னொண்ணைச் சொன்னா நாலாம் மாடி போடும்."

"குழாய் பழசு. அதான் காரணம்."

"பழசுன்னா எந்த ஆட்சில போட்டது?"

பக்கத்தில் காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்ற சாய்நாத் பொறுக்கமாட்டாமல் சொன்னான்: "இன்னா மேடம் நீங்க, இவன்ட்ட போய் நியாயம் கேட்டுக்கினு. எங்க ஆத்தா டிவியே பாக்காது. வாட்சப்ல வந்தா மட்டும் சாமி வாக்குன்னு கும்புடும்."

அன்று ராத்திரிச் சாப்பாடு ஆனதும் மாளவிகா போனை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அப்புறம் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சொல் கூட்டினாள். ஒன்று கூட்டினால் நிறுத்த முடிகிறதா? தாமரை வந்தது, சங்கு வந்தது, குத்துவிளக்கு வந்தது. "கொதித்த நீரே செம்பிற்கு உகந்தது என்கிறது சித்தர் பாட்டு. ஓலைச்சுவடி ரகசியம். உடனே பகிரவும்." இன்னொன்று சிவப்பு எழுத்தில்: "கொதிக்க வைக்காத நீரைத் தீர்த்தம் என்று ஏமாற்றும் கூட்டம்! தோழா, கொதிக்க வை!" பெயர் போடாமல், ஆய்வுக்கூடத்துக்கு வாங்கிய நம்பரிலிருந்து, தெருவின் குழுக்களில் தட்டிவிட்டாள். தட்டின விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

விடிந்ததும் அடுப்பில் பெரிய பாத்திரம்.

"வாடி! உன் ஆராய்ச்சியில இது வரலியே? சித்தர் சொல்லியிருக்கார், கொதிக்க வெச்சுட்டுத்தான் செம்புல விடணுமாம். உனக்கெல்லாம் எங்க தெரியப் போறது!"

"தெரியாதுப்பா," என்றாள் மாளவிகா.

மேலே வெள்ளைத்துரை வீட்டிலும் குக்கர் அளவுக்கு ஆவி கிளம்பியது.

இப்படியே விட்டிருந்தால் எத்தனை நன்றாயிருக்கும்! ஆனால் அந்தத் தாமரைப் படம் தெருவைத் தாண்டி கோபாலபுரம் போய், கொட்டிவாக்கம் போய், கடைசியில் தேனாம்பேட்டைக்கே போய்விட்டது. மகேஷ் போன் செய்தான். அப்பா அடுப்படியில் நின்றுகொண்டு ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

"மேடம், இன்னைக்கு ரெண்டு மாடிலயும் விவாதம். அந்தச் சித்தர் பாட்டு நிஜமா? பொய்யின்னா ஒரு வார்த்தை சொல்லுங்க, 'ஆய்வாளர் தோலுரித்தார்'னு நாலாம் மாடில பிச்சுடலாம்."

கஸ்தூரிரங்கன் கரண்டியோடு திரும்பிப் பார்த்தார். பொய் என்று சொன்னால் அந்த அடுப்பு அணையும். நிஜம் என்று சொன்னால், இத்தனை வருஷம் சேர்த்த பெயர் அணையும்.

"கொதிக்க வைக்கணும்கறது நிஜம்," என்றாள்.

"அது கிடக்கட்டும் மேடம். பாட்டு?"

 

"குடு இப்படி," என்று அப்பா போனைப் பிடுங்கிக்கொண்டார். "யாருப்பா அது? பாட்டு நிஜமான்னா கேக்கறே? எங்க தாத்தா எனக்கு ஆறு வயசுலேயே சொல்லிக் குடுத்த பாட்டுன்னா அது! எழுதிக்கோ, சொல்றேன்…"

மாளவிகா அவரைப் பார்த்தாள். முகத்தில் துளி பொய் இல்லை, நிஜமாகவே ஞாபகம் வந்துவிட்டது மனுஷருக்கு. ராகம் போட்டு ஆரம்பித்தே விட்டார். அவர் பின்னால் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. மாளவிகா மெல்லப் போய், அணைந்துவிடாமல் அடுப்புத் தீயைக் கொஞ்சம் கூட்டி வைத்தாள்.