வாய் நிறையத் தண்ணீர்

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொரு ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் படிக்கச் சொல்லிக்கொடுக்கும் நேரம் அது. மேற்பார்வை நான். பள்ளியிலேயே பெரிய வாயாடியிடம் ஒரு குட்டிப் பெண்ணை ஒப்படைத்தது தப்போ என்று முதல் நாளிலிருந்தே எனக்குச் சந்தேகம்.

அன்று பார்த்தால், குட்டி ஒரு சொல்லில் சிக்கித் திணறுகிறாள். வாயாடியோ பாட்டிலைத் திறந்து ஒரு வாய் தண்ணீரை ஊற்றிக்கொண்டு கன்னம் உப்ப உட்கார்ந்திருக்கிறாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

“புள்ள முழிச்சிட்டு இருக்கா, உனக்கு இப்பதான் தாகமா?”

அவள் தண்ணீரை விழுங்கவில்லை. அந்தச் சொல்லுக்கு அடியிலிருந்து விரலையும் எடுக்கவில்லை. குட்டி எழுத்தெழுத்தாகக் கூட்டி, “ஜன்னல்” என்று படித்துவிட்டு நிமிர்ந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. அப்புறம்தான் வாயாடி மடக்கென்று விழுங்கினாள்.

“தாகமில்ல மிஸ். வாய் சும்மா இருந்தா நானே சொல்லிடுவேன். அப்புறம் அவ எப்போ படிக்கிறது?”

“இதை உனக்கு யார் சொல்லிக்கொடுத்தா?”

“யாருமில்ல. முன்னாடி உங்க கிளாஸ்ல இருந்தப்போ நான் திணறினாலே நீங்க சொல்லிடுவீங்க. அதான் எனக்கு நாலாவது வரைக்கும் படிக்கவே வரல.”

குத்திக்காட்டவில்லை. கேட்டதற்குச் சொன்னாள், அவ்வளவுதான். இருபது வருடமாகப் பாடம் நடத்தும் எனக்கு இது தோன்றியதே இல்லை.

மறுநாள் என் வகுப்பில் ஒருத்தி பாதி வரியில் நின்றுவிட்டாள். சொல் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மேசைமேல் இருந்த பாட்டிலை எடுத்தேன்.