அடைக்கலராஜ் திறந்த கண்கள்

"தம்பி, ஒண்ணு சொல்லுவேன், கோவிச்சுக்கக் கூடாது" என்றாள் லோகாம்பாள்.

"சொல்லுங்கம்மா" என்றான் அடைக்கலராஜ்.

"இந்தப் படத்துல இவரு கண்ணும், எதுத்த வீட்டுல செத்துப்போன காசியம்மா படத்துக் கண்ணும் ஒண்ணா இருக்கே, எப்படி?"

"போட்டோவுல அப்படித்தாம்மா தெரியும்."

"இருக்கும். ஆனா இவருக்கு எடது கண்ணு கொஞ்சம் சின்னது. சிரிச்சா அது மட்டும் மூடிக்கும்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா."

"நீங்க கேக்கலியே தம்பி."

காரைக்கால் பக்கத்து நெரவியில் முத்தையனின் கருமாதியன்று, அவர் வீட்டுக் கூடத்தில் நடந்த பேச்சு இது. அவர் மனைவி லோகாம்பாள் சண்டைக்கு வரவில்லை. சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று இலை போட்டு உட்கார வைத்தாள். முதல் கவளம் வாயில் இருக்கும்போது அடைக்கலராஜ் தலையை நிமிர்த்தினான். எதிர்ச் சுவரில் அவன் வரைந்த படத்திலிருந்து முத்தையன் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு மேல் சோறு இறங்கவில்லை. படத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்றாலும் முடியாது. பொட்டு வைத்து மாலை போட்ட படத்தை ஒரு வருடம் கழற்றக் கூடாதாம். "தலைத் திவசம் முடிஞ்சு வேற மாட்டிக்கலாம்னாங்க. பாப்போம்" என்றாள் அந்த அம்மாள். அந்த வேறு படத்தை நானே வரைந்து தருகிறேன் என்று சொல்ல அவன் வாய் திறந்தது. ரசம் போதும் என்று சொல்லிவிட்டு மூடிக்கொண்டது.

காரைக்கால் கடைத்தெருவில் ஹமீது பாயின் போட்டோ ஸ்டுடியோவுக்குப் பின்னறையில் பதின்மூன்று வருடமாக அவனுக்கு இதுதான் வேலை. உயிரோடு இருந்தவரை போட்டோவுக்கு நிற்காதவர்கள் அந்தப் பக்கத்தில் ஏராளம். இறந்த பிறகு, நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்து, பாயைக் கூப்பிட்டு ஒரு படம் எடுப்பார்கள். பாய் அதைப் பெரிதாகப் போட்டுக் கொடுப்பார். கரித்தூளையும் மெல்லிய பிரஷ்ஷையும் வைத்துக்கொண்டு, மூடிய கண்களைத் திறந்து வைப்பவன் அடைக்கலராஜ். ஊரில் அவனை ஆர்ட்டிஸ்ட் என்றார்கள். அந்தப் பெயரில் அவனுக்கும் ஒரு மிதப்பு இருந்தது.

லோகாம்பாள் கண்டுபிடித்தது உண்மை. அவன் திறந்த கண்கள் எல்லாமே ஒரே கண்கள். அவன் வீட்டு நடையில் மாட்டியிருக்கும் அந்தோணியார் படத்துக் கண்கள் அவை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படி இல்லை. முதல் படத்தை அவன் தன் மனம்போல வரைந்தான். இறந்தவருடைய மகன் அதைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "யாரு இது?" என்று கேட்டான். ஸ்டுடியோவில் அப்போது ஆறேழு பேர் இருந்தார்கள். அத்தனை பேரும் சிரித்தார்கள். மறுநாள் அந்தோணியாரின் கண்ணைப் பார்த்து அப்படியே இறக்கினான். அந்த மகனே வந்து, அப்பா உயிரோடு பார்க்கிற மாதிரி இருக்கிறது என்று அழுதுவிட்டுப் போனான். மனம்போல வரைவதை அன்றைக்கு விட்டதுதான். பிறகு வந்த யாருடைய கண்ணைப் பற்றியும் அவன் யாரிடமும் கேட்டதில்லை. கேட்டால் வரைய வேண்டும். வரைந்தால் தப்பாகப் போகலாம். கேட்காதவனுக்குத் தப்பே வராது.

கருமாதி முடிந்து பத்து நாளாயிற்று. சைக்கிளில் போகிறபோது வீடுகளுக்குள் பார்ப்பதை நிறுத்திவிட்டான். கூடத்துக்குக் கூடம் அந்தக் கண்கள் இருந்தன. முதலியார் வீட்டில், மீன்காரர் வீட்டில், மளிகைக்கடைப் பெரியவர் கல்லாவுக்கு மேலே என்று எங்கு திரும்பினாலும் அவன் திருடி ஒட்டிய கண்கள் அவனையே பார்த்தன. எத்தனை பிள்ளைகள் அந்தக் கண்களைப் பார்த்து, இதுதான் நம் அப்பா என்று கும்பிட்டிருக்கும்? நினைத்தால் காது மடல் சுட்டது.

ஸ்டுடியோவில் தருமபுரத்து இளையபெருமாள் என்பவரின் படம் காத்திருந்தது. முடி, மீசை, சட்டைப் பித்தான் எல்லாம் முடிந்துவிட்டன. கண் மட்டும் மூடியே இருந்தது. பிரஷ்ஷை எடுத்தால் கை தானாக அந்தோணியாரிடம் போனது. சட்டென்று இழுத்துக்கொள்வான். பாய் மூன்று நாள் பொறுத்தார். குறை சொன்னது ஒரே ஒரு அம்மாள், கும்பிட்டது நூறு குடும்பம், நீ எதற்கு மனசைப் போட்டு உழப்பிக்கொள்கிறாய் என்று சமாதானம் சொன்னார். கடைசியில், "திங்கக்கிழமை வந்து நிப்பாங்க ராஜு. கண்ணைத் திறக்குறியா, நான் கடையை மூடவா?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, அவன் மனைவி சலோமியிடம் எல்லாவற்றையும் சொன்னான். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் வேலையைப் பற்றி அவளிடம் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை. அவள் பாலர் பள்ளி டீச்சர். அடுத்த நாள் வகுப்புக்குக் காகிதத்தில் பூ வெட்டிக்கொண்டிருந்தவள், கத்தரிக்கோலை நிறுத்தாமலே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"நாலு வருஷத்துக்கு முன்னாடி துக்கம் விசாரிக்கப் போன வீட்டுல பாத்தேன். நம்ம வீட்டு அந்தோணியார் மீசை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தார்."

அவன் தலை தொங்கிவிட்டது. "ஏன் சொல்லல?"

"சொன்னா வேலையை விட்டுருவீங்கன்னு பயம். காணாமப் போனதைத் தேடிக் குடுக்குற புனிதர்தானே, எல்லார் வீட்டுலயும் உக்காந்து தேடட்டும்னு விட்டுட்டேன்."

அவள் சிரித்தாள். அவனும் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. வெளியில் தெரியாது என்று அவன் மூடி வைத்திருந்ததை, தெரிந்துகொண்டே நாலு வருடம் சோறு போட்டிருக்கிறாள். லோகாம்பாள் சொன்னதைவிட இது ஆழமாக இறங்கியது.

அவளுக்குத் தெரியாத ஒன்றும் இருந்தது. கல்யாணமான வருடம், அவள் தாய் வீட்டுக்குப் போயிருந்தபோது, கல்யாண போட்டோவை வைத்துக்கொண்டு அவளை வரைந்தான். நெற்றி வந்தது, மூக்கு வந்தது, கண்ணில் அந்தோணியார் வந்து உட்கார்ந்துகொண்டார். கிழித்து அடுப்பில் போட்டான். அவளை நேரில் உட்கார வைத்து வரையக் கேட்க வேண்டும் என்ற ஆசையை அன்றிலிருந்து வெளியில் சொல்லாமலே வைத்திருந்தான். கேட்டு, அவள் வந்து உட்கார்ந்து, மறுபடியும் அதே கண் வந்துவிட்டால்? ஊர்க்காரர்களின் சிரிப்பைத் தாங்கிக்கொள்ளலாம். அவள் படத்தை வாங்கிப் பார்த்து, "யாருங்க இது?" என்று கேட்டுவிட்டால்?

இப்போது அவள் ஜன்னலோரம் குனிந்து, காகிதத்தின் வளைவை வெட்டிக்கொண்டிருந்தாள். வளைவு வரும்போதெல்லாம் அவளுடைய வலது புருவம் மட்டும் லேசாக ஏறி இறங்கியது. ஒன்பது வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அதை அவன் பார்த்ததில்லை. இறந்தவர்களின் கண்ணைத் திறக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன், உயிரோடு இருக்கிற ஒரு கண்ணை நின்று பார்த்ததே கிடையாது.

"என்ன அப்படிப் பாக்குறீங்க?" என்றாள்.

எழுந்துபோய் ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் எடுத்து வந்தான்.

"சலோமி, செத்த நேரம் என் முன்னாடி உக்காருறியா? உன்னைப் பாத்து வரையணும். யாரோ மாதிரி வந்தாலும் வரும். வந்தா சொல்லு, மறுபடியும் வரையுறேன்."